இரண்டு சொட்டு மிஷின் எண்ணெய்

7-1-2025, செவ்வாய்

தினம் ஒரு பக்கம் எழுதச் சொல்லியிருக்கிறாள் ரிஃப்கா. தஞ்சாவூரில் எனக்குக் கைப்பயிற்சி கொடுக்கும் பெண், கூத்தாநல்லூர்க்காரி. "எதையாவது எழுதுங்க சார். கடையில வாங்க வேண்டிய சாமான எழுதினாலும் சரிதான். ஆனா வலது கையாலதான் எழுதணும்."

எழுதுகிறேன். உளுந்து அரைக் கிலோ. துவரை அரைக் கிலோ. முருகையன் தலை ஒன்று.

கை நடுங்குகிறது. எழுத்தைப் பார்த்தால் கோழி கிளறியது போல் இருக்கிறது. யாரும் படிக்கப் போவதில்லை, அதனால் உள்ளதை உள்ளபடி எழுதலாம். முருகையன் என் பெரியப்பா மகன், முறைக்கு அண்ணன். அவன் வயல் மேலே, என் வயல் கீழே, இரண்டுக்கும் ஒரே மடை. போன அக்டோபரில் என் முறைத் தண்ணீரை மண் போட்டு அடைத்தான். நான் அடைப்பை வெட்டிவிட்டேன். அவன் மண்வெட்டியை ஓங்கி என் வலது மணிக்கட்டில் போட்டான். இரண்டு நரம்பு அறுந்து பதினேழு தையல். அவனுக்கு இருபத்திரண்டு நாள் உள்ளே, அப்புறம் ஜாமீன். வெளியே வந்து எங்கே போவான்? பக்கத்து வீடுதான். தாத்தா கட்டிய ஒரே வீட்டை நடுவில் சுவர் வைத்துப் பிரித்திருக்கிறோம். அவன் தும்மினால் எனக்குக் கேட்கும்.

ஜூனில் ஆற்றில் தண்ணீர் வரும். மடைக்கு அவன் வருவான். நானும் போவேன், கையில் அரிவாளோடு. அதற்குள் இந்தக் கைக்குப் பிடி வந்தாக வேண்டும். வேறு எதுவும் எனக்கு வேண்டாம்.

9-1-2025, வியாழன்

ரப்பர் பந்து போதும், இனிமேல் கிரிப்பர் என்றாள் ரிஃப்கா. பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் விளையாட்டுச் சாமான் கடையில் வாங்கினேன். இரண்டு கைப்பிடி, அவற்றை இணைக்க மேலே ஒரு சுருள் கம்பி. கடைக்காரன் பேச்சோடு பேச்சாக ஒரு கையால் அழுத்திக் காட்டினான். நான் அழுத்தினால் அசையவில்லை. இடது கையையும் சேர்த்து அழுத்தியதும் பாதி மடங்கி ஒரு சத்தம் போட்டது. கிறீச்.

12-1-2025

ஒன்று. ஒரே ஒரு தடவை, ஒற்றைக் கையால். வேர்த்துக் கொட்டிவிட்டது.

16-1-2025, வியாழன்

சுவரோரம் உட்கார்ந்து அழுத்திக்கொண்டிருந்தேன். நாலாவது தடவை கிறீச் என்றதும் சுவருக்கு அந்தப் பக்கம் முருகையன் குரல். "அம்சம், அந்த வூட்ல என்னடி மூஞ்சூறு கத்துது?" அவன் பெண்டாட்டி ஏதோ சொன்னாள், அவன் சிரித்தான். என் கையை வெட்டியவன் என் கை போடும் சத்தத்தைக் கேட்டுச் சிரிக்கிறான்.

கிரிப்பரைச் சுவர் மேல் விட்டெறிந்தேன். உள்ளங்கை அகலத்துக்குக் காரை பெயர்ந்தது. செந்தாமரை அடுப்படியிலிருந்து வந்து பார்த்தாள். என் பெண்டாட்டி எதற்கும் பதறமாட்டாள். "ரெண்டு சொட்டு எண்ணெ உட்டா சத்தம் நிக்கப் போவுது. அதுக்கு செவுத்த ஏன் ஒடைக்கிறீங்க?"

சரி. எண்ணெய் விடுகிறேன். சத்தமே இல்லாமல் தயாராகிறேன்டா. ஒருநாள் மூஞ்சூறு கடிக்கும்.

18-1-2025

தேங்காய் எண்ணெய். தை மாதத்துக் குளிருக்குப் பாட்டிலுக்குள் வெள்ளையாக உறைந்திருந்தது. வெயிலில் வைத்து உருக்கிச் சுருளுக்குள் விட்டேன். மத்தியானம் பூராவும் சத்தமில்லை. மறுபடி விடிந்ததும் சுருளுக்குள்ளேயே உறைந்துபோய் மெழுகு மாதிரி உதிர்ந்தது. கிறீச்.

23-1-2025

எறும்பு. எண்ணெய் வாசத்துக்கு வந்து சுருள் முழுக்க மொய்த்திருந்தது. பார்க்காமல் பிடித்துவிட்டேன், விரலிடுக்கில் ஏழெட்டுக் கடி. அத்தனையையும் கிரிப்பரை அழுத்தியே நசுக்கினேன். அந்தக் கோபத்தில் ஒன்பது வந்தது. கோபம் நல்ல மருந்து என்று ரிஃப்காவிடம் சொல்ல வேண்டும்.

8-2-2025, சனி

சம்பா அறுவடை. மிஷின் இறங்கியது. நான் வரப்பில் நின்று வேடிக்கை பார்த்தேன். என்னால் ஒரு கோணிச் சாக்கைத் தூக்கிக் கட்ட முடியாது.

இந்தத் தடவை விளக்கெண்ணெய் விட்டிருந்தேன். கெட்டியானது, நிற்கும் என்று நினைத்தேன். நின்றது. நெல் தூசியும் சுணையும் போய் அதில் ஒட்டிக்கொண்டு, சாயங்காலம் பார்த்தால் சுருளுக்குள் களி கிண்டி வைத்த மாதிரி இருந்தது. சத்தம் போகவில்லை, குரல்தான் மாறியது. கர் கர் என்றது. அந்தப் பக்கத்திலிருந்து: "மூஞ்சூறுக்குச் சளி புடிச்சிக்கிச்சு போலருக்கு."

கொல்லைக்குப் போய் அரிவாளை எடுத்து ஒரு வாழையில் வீசினேன். அரிவாள் கையில் நிற்கவில்லை. பறந்து போய் வைக்கோல் போரில் விழுந்தது. வாழை சும்மா நின்றது. நான் அங்கேயே குந்தி அழுதேன், எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. இன்னும் நாலு மாதம் இருக்கிறது முருகையா.

6-3-2025, வியாழன்

இருபத்தைந்து தடவை.

டில்லருக்குப் போடும் கிரீஸை நேற்று அப்பினேன். சத்தம் சுத்தமாக நின்றது. ஆனால் கை பூராவும் கறுப்பு, சோப்பு போட்டும் போகவில்லை. சோற்றில் கை வைத்தால் நாற்றம். செந்தாமரை தட்டை இழுத்துக்கொண்டாள். "போயிக் கழுவிட்டு வாங்க. அவன வெட்டறதுக்கு இருக்கற ரோஷத்துல சோறு திங்கறதுக்கும் கொஞ்சம் வைங்க."

அவளுக்குத் தெரிந்திருக்கிறது. நான் யாரிடமும் சொல்லவில்லை. கொல்லையில் வாழைகளைப் பார்த்திருப்பாள்.

"உனக்கென்னடி தெரியும்" என்று அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். எவ்வளவு நேரம் பிடித்தேன் என்று தெரியவில்லை. அவள் கத்தவில்லை. என் விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். விட்டதும் கிரீஸோடு நாலு விரல் தடம் இருந்தது. கிரீஸ் கழுவினால் போய்விடும். அதற்குக் கீழே சிவந்திருந்தது இன்று காலையில் நீலமாகிவிட்டது.

கை திரும்பி வந்துவிட்டது என்று முதலில் எனக்குக் காட்டியது அந்த நீலம்தான். அதைப் பார்த்ததும் மனசுக்குள் ஒரு மூலையில் சந்தோஷம் வந்தது. நான் என்ன ஜென்மம்?

7-3-2025

கிரீஸைத் துடைத்துவிட்டேன். அவளிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. வாய் வரவில்லை.

20-3-2025

பைக் மெக்கானிக் ஒரு ஸ்ப்ரே அடித்துவிட்டான். இரண்டு நாள் சத்தமில்லை. மூன்றாம் நாள் முன்னைவிட மோசம். உள்ளே இருந்த கொஞ்சநஞ்சப் பிசுக்கையும் அது கழுவிவிட்டுக் காய்ந்துபோய்விட்டது. வெறும் இரும்பு வெறும் இரும்பை உரசுகிறது. தெருவுக்கே கேட்கும்.

11-4-2025, வெள்ளி

ஒரத்தநாடு கடைத்தெருவில் சட்டை தைக்கும் சித்தீக் பாயிடம் போனேன். முப்பது வருஷமாக மிஷின் மிதிப்பவர். கிரிப்பரை வாங்கி வெளிச்சத்தில் சுருளைப் பார்த்தார், ஒருதரம் அழுத்தினார், முகம் சுளித்தார்.

"என்னென்ன உட்டீங்க?"

சொன்னேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"சமையலுக்கு உள்ளத இரும்புக்கு உடக்கூடாது, நாள்பட்டா பிசினாப் போயிரும். கெட்டியா இருக்கறது தூசியப் புடிக்கும். ஸ்ப்ரே நிக்காது. இந்தாங்க, மிஷின் எண்ணெ. நெறமும் இல்ல, வாசமும் இல்ல. சுருளுக்குள்ள ஒரு சொட்டு. கம்பி கைப்பிடிக்குள்ள எறங்குது பாருங்க, அங்க ஒரு சொட்டு. பத்துத் தடவ அழுத்திட்டு வெளில கசியறத சுத்தமாத் தொடச்சிருங்க. அதுதான் முக்கியம். தொடைக்காம உட்டா கைப்பிடிக்கு எறங்கிரும், அப்பறம் புடி நிக்காது."

முதலில் மண்ணெண்ணெயில் ஊறவைத்துப் பழைய பிசினையெல்லாம் பல் விளக்கும் பிரஷால் தேய்த்து எடுத்தார். துடைத்தார். இரண்டு சொட்டு விட்டார். மறுபடி துடைத்தார். அவர் கொடுத்ததை வாங்கி அழுத்தினேன். ஒன்றுமே கேட்கவில்லை.

என் மணிக்கட்டுத் தழும்பைப் பார்த்தார். எதற்கு என்று கேட்கவில்லை. கட்டைவிரல் உயரத்துக்கு ஒரு பாட்டில் எண்ணெயும் கொடுத்தனுப்பினார்.

12-4-2025

நாற்பது தடவை. சுவரில் முதுகைச் சாய்த்தபடியே அழுத்தினேன். அந்தப் பக்கம் ஒரு பேச்சும் இல்லை.

4-5-2025, ஞாயிறு

இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. ஆனாலும் தெருக்குழாயில் அம்சமும் செந்தாமரையும் நேருக்கு நேர் நிற்க வேண்டியிருக்கிறது. சொல்ல வேண்டியது இருந்தால் குடத்தைப் பார்த்துச் சொல்வார்கள். பகை வீட்டோடு பேசின பேச்சும் வராது, சேதியும் போய்விடும். இன்று அம்சம் தன் குடத்திடம் சொன்னதைச் செந்தாமரை வந்து என்னிடம் சொன்னாள்.

"கத்திக்கிட்டு இருந்தவரைக்கும் இன்னைக்குப் பத்து, இன்னைக்கு இருவதுன்னு எண்ணிக்கிட்டுருந்தோம். இப்ப சத்தம் நின்னுபோச்சு. எத்தனன்னு தெரியல. எங்க வூட்டுக்காரரு கண்ண மூடறதில்ல. கட்டிலுக்குப் பக்கத்துல கடப்பாரைய வச்சிக்கிட்டு செவுத்தயே பாத்துக்கிட்டு கெடக்குறாரு."

சொல்லிவிட்டுச் செந்தாமரை நின்றாள். "ஏங்க, அந்த எண்ணெயத் தொடச்சிருங்களேன். சத்தம் கேட்டா அந்த மனுசன் தூங்குவாரு. பயந்தவன் சும்மா இருக்கமாட்டான்."

அவள் சொன்னது மனசில் ஏறவே இல்லை. கடப்பாரை என்று கேட்டதும் வாய்க்குள் வெல்லம் போட்ட மாதிரி இனித்தது. பயப்படட்டும். ஏழு மாதமாக நான் பட்டதை அவனும் படட்டும். போய் இன்னும் இரண்டு சொட்டு விட்டேன். சுத்தமாகத் துடைத்தும் வைத்தேன்.

22-5-2025

தொண்ணூறு தடவை. கொல்லையில் மூன்று வாழை, மூன்றும் ஒரே வீச்சில். வெட்டுவாயில் நீர் சொட்டுகிறது. செந்தாமரை துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு போய் மாட்டுக்குப் போட்டாள். என்னோடு பேசுவதில்லை.

12-6-2025, வியாழன்

மேட்டூர் திறந்தாயிற்று. டிவியில் பூத்தூவுகிறார்கள்.

24-6-2025

எங்கள் பக்கம் ஓடும் புது ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது. வாய்க்காலுக்கு நாளை மறுநாள். சனிக்கிழமை என் முறை.

28-6-2025, சனி, காலை

நூறு அழுத்தினேன். சுருள் கொஞ்சம் இறுகின மாதிரி இருந்தது, எண்ணெய் விட்டேன். கை ஆடி நிறையக் கொட்டிவிட்டது. துணி தேட நேரமில்லை. போகிறேன்.

4-8-2025, திங்கள்

முப்பத்துநாலு நாள் உள்ளே. வெள்ளிக்கிழமை ஜாமீன் கிடைத்தது. இடது தோளெலும்பு கூடிக்கொண்டிருக்கிறது. தினம் ஸ்டேஷனில் போய்க் கையெழுத்து. வலது கையெழுத்து இப்போது நன்றாகவே விழுகிறது.

நடந்ததை எழுதிவிட வேண்டும்.

மடைக்கு நான் போனபோது விடிந்துகொண்டிருந்தது. முருகையன் முன்னாலேயே வந்து நின்றான், கையில் கடப்பாரை. கண்கள் குழிக்குள் போயிருந்தன. என்னைவிட நாலு வயதுதான் மூத்தவன், பத்து வயது கூடின மாதிரி இருந்தான். அவன் மடையை அடைக்கவில்லை. மடை திறந்துதான் இருந்தது. என் முறைத் தண்ணீர் என் வயலுக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. அதை நான் பார்த்தேன். பார்க்கவில்லை என்று வக்கீலிடம் சொன்னது பொய். பாத்தேன். பாத்துட்டும் அரிவாள எடுத்தேன்.

"வாடா. எத்தன நாளைக்குத்தான் இப்டிப் பயந்து சாவறது" என்றான். கடப்பாரை என் இடது தோளில் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. நான் அவன் கழுத்தைப் பார்த்து வீசினேன். கைக்கோ தோளுக்கோ இல்லை, கழுத்துக்குத்தான். ஐந்து மாதமாக ஒவ்வொரு வாழையிலும் அந்தக் கழுத்தைத்தான் பார்த்திருக்கிறேன்.

வீசின வேகத்தில் அரிவாள் பிடி உள்ளங்கைக்குள் சுழன்றது. எண்ணெய். காலையில் துடைக்காமல் விட்ட எண்ணெய். வெட்டு திரும்பி, அவன் தடுக்கத் தூக்கிய வலது கையில் விழுந்தது. அரிவாள் கையைவிட்டு நழுவி வாய்க்காலில் போயிற்று. வெட்டு விழுந்தது மணிக்கட்டுக்குக் கொஞ்சம் மேலே. என் தழும்பு இருக்கிற அதே இடம். ரத்தம் மடை நீரில் கொட்டி என் வயல் பக்கம் ஓடியது.

"மனோ, என் கைடா" என்றான். சின்ன வயதில் மரத்திலிருந்து விழுந்தபோதும் இப்படித்தான் கூப்பிட்டான்.

நான் அந்தக் கையைப் பிடித்தேன். வெட்டுக்கு மேலே, வலது கையால், இருக்கிற பலத்தையெல்லாம் சேர்த்து. எண்ணெயும் ரத்தமும் சேர்ந்து வழுக்கியது. வழுக்க வழுக்க இறுக்கினேன். அவனைத் தேடி வந்த அம்சம் வரப்பில் ஓடிவந்து கையில் கிடைத்த கல்லை எடுத்து என் முதுகிலும் மண்டையிலும் அடித்தாள். விடு விடு என்று கத்தினாள். எப்படி விடுவது? ஆம்புலன்ஸ் வருகிறவரைக்கும் விடவில்லை. அப்புறம் என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் எடுத்தார்கள்.

இரக்கம் என்று யாராவது சொன்னால் நம்பாதே மனோகரா. செத்துப்போனால் ஆயுள் பூரா உள்ளே கிடக்க வேண்டும் என்ற பயம்தான். அவன் குரல் காதில் விழுந்தது. அதுவும் உண்டு. இரண்டில் எது பெரிசு என்று எனக்குத் தெரியவில்லை.

5-8-2025

எண்ணெய்தான் வழுக்கியது. இல்லை, நானா விட்டேன்? எண்ணெய்தான்.

13-9-2025

தஞ்சாவூருக்குப் போனேன். ரிஃப்கா என் கையை அழுத்திப் பார்த்து, "சூப்பரா இருக்கு சார், இனி நீங்க வர வேண்டாம்" என்றாள். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "உங்க ஊர்லேந்து இப்ப இன்னொருத்தர் வர்றாரு. உங்களுக்கு இருந்த மாதிரியே" என்றாள். அவளுக்கு எதுவும் தெரியாது. "பந்துதான் குடுத்திருக்கேன். அடுத்த மாசம் கிரிப்பர்."



6-10-2025, திங்கள்

காலையில் பல் விளக்கிக்கொண்டிருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம்.

கிறீச்.

ஒன்றோடு நின்றது. அவன் மூச்சு வாங்குவது கேட்டது. ஒன்றுக்கே வேர்த்திருப்பான்.

20-10-2025

தீபாவளி. வெடிக்கு நடுவிலும் கேட்கிறது. இன்று பதினாலு. நேற்று பன்னிரண்டு. என்னையறியாமல் எண்ணுகிறேன். செந்தாமரை பார்த்துவிட்டாள்.

தேங்காய் எண்ணெய்தான் விட்டிருப்பான். முதலில் எல்லோரும் அதைத்தான் விடுவோம். நாளைக்கே எறும்பு வரும்.

3-11-2025, திங்கள்

இன்று சத்தமில்லை. உடம்புக்கு ஏதாவதா?

4-11-2025

இன்றும் இல்லை. ஆனால் சுவரோரம் அவன் உட்கார்ந்திருக்கிறான், கட்டில் முனகியது எனக்குக் கேட்டது. மூச்சும் கேட்கிறது. சத்தம்தான் இல்லை.

சித்தீக் பாய் கடைக்குப் போனேன். கேட்கும் முன்பே அவரே சொன்னார். "உங்க அண்ணன் வந்தாரு. அதே கிரிப்பர், அதே கிறீச். நானும் அதே எண்ணெதான் குடுத்தேன்."

"ஏன் பாய் குடுத்தீங்க?"

"உங்களுக்குக் குடுத்தப்ப அவரு வந்து கேக்கலயே."

5-11-2025

எத்தனை வந்திருப்பான்? இருபதா? நாற்பதா? நாற்பது வந்தால் அரிவாள் நிற்கும். எனக்குத் தெரியும்.

அவன் கொல்லையில் வாழை இருக்கிறது. காலையில் மதில் மேல் ஏறி எண்ணிப் பார்த்தேன். ஆறு. எல்லாம் நிற்கிறது.

7-11-2025, வெள்ளி

மூன்று நாளாகத் தூக்கமில்லை. மண்வெட்டியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்திருக்கிறேன். செந்தாமரை கூட்டும்போது அதைப் பார்த்துத் துடைப்பத்தோடு நின்றாள்.

"இப்பத் தெரியுதா?" என்றாள்.

தெரியுதுடி. தெரியுது. செவுத்துக்கு அந்தப் பக்கம் அவன் சும்மாதான் உக்காந்திருக்கான், கை வெளங்கணும்னு அழுத்தறான், அவ்வளவுதான்னு ஒரு மனசு சொல்லுது. வந்து வெட்டப் போறான், நீ முந்திக்கோன்னு இன்னொண்ணு சொல்லுது. இந்த ரெண்டாவதுதான் அன்னிக்குக் கடப்பாரையத் தூக்கிக்கிட்டு மடைக்கு வந்துது. இப்ப அதே என் வூட்டுல குந்தியிருக்கு.

உன் மணிக்கட்டை அன்றைக்கு அப்படிப் பிடித்திருக்கக் கூடாது என்று அவளிடம் சொன்னேன். எட்டு மாதம் கழித்து. "இப்ப ஏன் அது?" என்றாள். ஆனால் அந்தக் கையை இன்னொரு கையால் தடவிக்கொண்டே போனாள்.

8-11-2025, சனி

பரண் மேல் போட்டிருந்த கிரிப்பரை எடுத்தேன். ஜூன் மாத எண்ணெய் அப்படியே இருக்கிறது, கைப்பிடியில் பழுப்பாய்த் தூசியும். கிண்ணத்தில் மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்தேன். பிரஷால் சுருளின் இடுக்கெல்லாம் தேய்த்தேன். வெந்நீரில் சோப்புப் போட்டுக் கழுவி வெயிலில் வைத்தேன். எண்ணெய் போட நான் பட்ட பாட்டில் பாதிகூட எடுப்பதற்கு ஆகவில்லை.

காய்ந்ததும் எடுத்துக்கொண்டு போய், காரை பெயர்ந்த இடத்துக்கு நேராகச் சுவரோரம் உட்கார்ந்து அழுத்தினேன்.

கிறீச். நல்ல சத்தம். மூஞ்சூறு தோற்றுவிடும்.

முப்பது வரைக்கும் நிதானமாக அழுத்தினேன், அவன் எண்ணுவதற்கு ஏற்றபடி. நூறுக்கு மேல் இப்போதும் முடியும், ஆனால் முப்பதோடு நிறுத்தினேன். நிறுத்தியதும் கிரிப்பரைத் தரையில் வைத்தேன், வைத்த சத்தமும் கேட்கட்டும் என்று. மண்வெட்டியைக் கொண்டுபோய்க் கொட்டகையில் போட்டேன்.

அந்தப் பக்கம் ஒன்றும் இல்லை. வெகுநேரம் இருந்து பார்த்தேன்.

9-11-2025

முப்பது. அந்தப் பக்கம் பதில் இல்லை.

10-11-2025, திங்கள்

முப்பது. இல்லை.

மத்தியானம் செந்தாமரை குழாயடியிலிருந்து வந்தாள். குடத்தை இறக்கி வைத்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். அழுதிருந்தாளா, வேர்வையா, தெரியவில்லை.

"அம்சம் அக்கா பேசுச்சு."

"குடத்துக்கிட்டயா?"

"இல்ல. என்னப் பாத்து. தாமர, வூட்ல மண்ணெண்ண கெடக்கான்னு கேட்டுச்சு."

"நீ என்ன சொன்ன?"

"இருக்குக்கான்னேன். கொல்ல வழியா வந்து கால் பாட்டில் வாங்கிட்டுப் போச்சு. எதுக்குன்னு நான் கேக்கல, அதுவும் சொல்லல."

11-11-2025, செவ்வாய்

காலை ஐந்தே முக்கால். சுவருக்கு அந்தப் பக்கம் கிறீச் என்றது. படுத்தபடியே எண்ணினேன். இருபத்தாறு. பிறகு ஏதோ இரும்பைத் தரையில் வைத்த சத்தம்.

திரும்பிப் படுத்தேன். செந்தாமரை எழுப்பும்போது மணி பத்து.